1973 கிண்ண இறுதியாட்டம்: நெட்சர் செய்தது வீரமா, ஒழுங்கீனமா?

கேள்வி, ஜூன் 4

1973 ஜேர்மன் உதைபந்தாட்டக் கிண்ண இறுதியாட்டத்தில் குந்தர் நெட்சர் பயிற்றுவிப்பாளரைக் கேட்காமல் தானே களத்தில் இறங்கி வெற்றிக் கோலை அடித்தாராம். எல்லோரும் இதை ஒரு வீரகாவியம்போலச் சொல்கிறார்கள். எனக்கு அது பச்சை ஒழுங்கீனமாகத்தான் படுகிறது. பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் இதே ஆட்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அதோடு, ஒரு வீரர் தன்னைத் தானே எப்படிக் களத்துக்கு அனுப்ப முடியும்? கதையை ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு 11.20

ஊதிப் பெருக்கவில்லை. சுவர் உண்மை, மேலே பூசிய சாந்துதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

1973 ஜூன் 23, சனிக்கிழமை. டுசல்டோர்ப் நகரின் ரைன் விளையாட்டரங்கு. கொளுத்தும் வெயிலில் ஏறத்தாழ 70,000 பேர். ஒரு பக்கம் மொன்சன்கிளாட்பாக், மறுபக்கம் கொலோன். இரண்டு ஊர்க்காரரும் காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு வந்து சேரக்கூடிய தூரம்தான். பக்கத்து ஊர்களுக்கிடையே இருக்கும் பகையைப் பற்றி நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிளாட்பாக்கின் பயிற்றுவிப்பாளர் ஹென்னெஸ் வைஸ்வைலர் தன் மிகப் பெரிய ஆட்டக்காரரான நெட்சரை மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார வைத்துவிட்டார். 24ஆவது நிமிடத்தில் விம்மர் கிளாட்பாக்குக்கு ஒரு கோல். 40ஆவது நிமிடத்தில் நொய்மன் கொலோனுக்குச் சமப்படுத்தினார். 90 நிமிடமும் முடிந்தபோது 1-1. மேலதிக நேரம் தொடங்குவதற்கு முன் நெட்சர் எழும்பினார், பயிற்சி மேற்சட்டையைக் கழற்றினார், யாரையும் கேட்காமல் உள்ளே போனார். மூன்று நிமிடம்கூட ஒழுங்காக ஆகவில்லை. காலில் பட்ட முதல் பந்தையே கோலாக்கிவிட்டார். 2-1. கிண்ணம் கிளாட்பாக்குக்கு.

கிளாட்பாக் அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிட் போய்விட்டார்.

ஒழுங்கீனமா என்று கேட்டால், இல்லை என்பேன். நாளைக்கு எழுதுகிறேன், காலை நான்கரைக்கு எழும்ப வேண்டும்.

ஜூன் 5, காலை 5.10

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். இரவு எழுதியதில் ஒரு பிழை. முதல் பந்து அல்ல. அவர் நடுக்களத்தில் பந்தை எடுத்து ஓடி, ரைனர் பொன்ஹோப்பிடம் கொடுத்து, பொன்ஹோப் திருப்பிக் கொடுத்ததைத்தான் அடித்தார். பந்தைத் தொடாமல் இன்னொருவரிடம் எப்படிக் கொடுப்பது? நாற்பது தடவை பார்த்த காணொளியிலும் மனம் தனக்குப் பிடித்ததைத்தான் பார்க்கிறது.

ஜூன் 5, மாலை 7.45

இன்னொரு பிழையையும் திருத்த வேண்டும். ‘யாரையும் கேட்காமல்’ என்று எழுதினேன். பயிற்றுவிப்பாளரைத்தான் கேட்கவில்லை, ஒருவரைக் கேட்டார்.

90 நிமிடம் முடிந்து வீரர்கள் புல்லில் விழுந்து கிடக்கிறார்கள். நெட்சர் கிறிஸ்டியான் கூலிக்கிடம் போய், உன்னால் இன்னும் முடியுமா என்று கேட்கிறார். கூலிக்குக்கு அப்போது 20 வயது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஓடி முடித்த பையன். முடியாது என்கிறார். பிறகு நெட்சர் வைஸ்வைலரைக் கடந்து போகும்போது, ‘அப்படியானால் இப்போது நான் விளையாடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அனுமதி கேட்கவில்லை, அறிவித்தார்.

ஒரு வீரர் தன்னைத் தானே எப்படி அனுப்பலாம் என்ற கேள்விக்கு வருவோம். நடுவருக்குத் தேவை, யார் வெளியே போகிறார், யார் உள்ளே வருகிறார் என்ற விபரம். அந்த முடிவை எடுத்தது பயிற்றுவிப்பாளரா, வீரரா, வீரரின் பாட்டியா என்று அவர் விசாரிப்பதில்லை. ஆட்டம் நின்றிருந்த இடைவேளை வேறு. வைஸ்வைலர் எழுந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நெட்சர் மறுபடி வாங்குக்கு வந்திருப்பார், அல்லது ஜேர்மனி முழுவதும் பார்க்க ஒரு சண்டை நடந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வாய் மூடியிருந்ததும் ஒரு முடிவுதான். அந்தக் கோலில் பயிற்றுவிப்பாளருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்வது அதனால்தான்.

உண்மையான ஒழுங்கீனம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. முதல் பாதி முடிந்த இடைவேளையில் வைஸ்வைலர் அவரை இறங்கச் சொன்னார், நெட்சர் மறுத்தார். இந்த ஆட்டம் நன்றாகப் போகிறது, நான் போய் இதைவிட நன்றாக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வெளியே சனம் நெட்சர், நெட்சர் என்று கத்திக்கொண்டிருக்கிறது. பயிற்றுவிப்பாளர் தன் பிடிவாதத்தை விழுங்கிக்கொண்டு வந்து கேட்கிறார். இவர் முடியாது என்கிறார். எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. கேள்வி கேட்டவர் வழக்கைத் தவறான சம்பவத்தின் மேல் தொடுத்திருக்கிறார்.

ஜூன் 7

ஏன் வாங்கில் வைத்தார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்று, ரியல் மாட்ரிட் போகிறார் என்ற செய்தி இறுதியாட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான் வெளியானது. இரண்டு, அந்தப் பருவத்தில் காயங்கள், ஆட்டம் பழைய மாதிரி இல்லை. மூன்று, கொஞ்ச நாளைக்கு முன்புதான் அவருடைய தாயார் இறந்திருந்தார். மூன்றில் எது வைஸ்வைலரின் மனதில் முன்னால் நின்றது என்பதில்தான் சண்டை. உடல்நிலையைப் பார்த்து எடுத்த முடிவு என்பது ஒரு கட்சி. விட்டுப் போகிறவனுக்குக் கொடுத்த தண்டனை என்பது மறு கட்சி.

அதுவரை இருவருக்கும் இருந்த உறவையும் பார்க்க வேண்டும். நெட்சர் 1963இல் கிளாட்பாக்குக்கு வந்தார், ஊர்ப் பையன். அடுத்த வருடம் வைஸ்வைலர் வந்தார். 1965இல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். 1970, 1971 இரண்டு வருடமும் சாம்பியன். அந்த அணிக்குக் ‘குதிரைக் குட்டிகள்’ என்று பெயர் வந்தது, அப்படி ஓடினார்கள். நெட்சர் மட்டும் அவ்வளவாக ஓடமாட்டார், மற்றவர்கள் எங்கே ஓட வேண்டும் என்று நாற்பது மீட்டர் தூரத்தில் இருந்து பந்தால் எழுதிக் காட்டுவார். நீளமான பொன்னிற முடி, பெராரி கார், ஊரில் சொந்தமாக ஒரு நடன விடுதி. அந்தக் காலத்து ஜேர்மனியில் ஓர் உதைபந்தாட்டக்காரர் இப்படி வாழ்வது பெரியவர்களின் வயிற்றைக் கலக்கிய விஷயம். வைஸ்வைலரோ நாட்டுப்புறத்தில் இருந்து வந்த பயிற்றுவிப்பாளர். இருவரும் ஒன்பது வருடம் சண்டை பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் வென்றார்கள். எங்கள் ஊரில் சில தகப்பனும் மகனும் அப்படித்தான், ஒருவரோடு ஒருவர் நேரே பேசமாட்டார்கள், ஆனால் தோட்டம் நன்றாக விளையும்.

ஜூன் 8

‘எல்லாவற்றையும் வென்றார்கள்’ என்றது மிகை. ஐரோப்பாவில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1971இல் இன்டர் மிலானை 7-1 என்று நொறுக்கிய ஆட்டத்தை, பார்வையாளர் பக்கத்தில் இருந்து வந்த ஒரு தகர டப்பாவுக்காக இரத்துச் செய்தார்கள். 1973 மே மாதம், கிண்ண இறுதியாட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, யூஏபா கிண்ண இறுதியில் லிவர்பூலிடம் தோல்வி. அங்கே 0-3, சொந்த ஊரில் 2-0. ஒரு கோல் குறைவு. டுசல்டோர்பில் இறங்கும்போது அந்தக் காயமும் ஆறியிருக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10, ஞாயிறு

எனக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். நடந்தபோது எனக்கு இரண்டு வயது, யாழ்ப்பாணத்தில். ஜேர்மனிக்கு வந்தது 14 வயதில். பிறகு ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. பக்கத்து இயந்திரத்தில் இருபது வருடம் என்னோடு நின்றவர் ஒரு கொலோன்காரர். அவர் அன்று தன் 19ஆவது வயதில், அண்ணனோடு, அந்த விளையாட்டரங்கில் நின்றவர்.

உலகம் முழுவதும் அந்த ஆட்டத்தை நெட்சரின் ஆட்டம் என்று சொல்லும். இந்த மனிதர் ஒரு தடவையும் அந்தப் பெயரில் தொடங்கியதில்லை. அவருக்கு அது கெர்ஹார்ட் வெல்ஸின் ஆட்டம். வெல்ஸ் கொலோனின் கோல்காப்பாளர். இரண்டாம் பாதியில் கிளாட்பாக்குக்குக் கிடைத்த பெனால்டியை யுப் ஹைன்கெஸ் அடிக்க, வெல்ஸ் பிடித்துவிட்டார். ஹைன்கெஸ் என்றால் சாதாரண ஆள் இல்லை, அடுத்த வருடங்களில் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர். அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் மேலதிக நேரமே வந்திருக்காது, நெட்சர் மேற்சட்டையோடே வீட்டுக்குப் போயிருப்பார். “உங்கள் நெட்சரை வரலாற்றில் எழுதியது எங்கள் வெல்ஸ்” என்பார். கோப்பியை ஆற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு அசைவு இல்லாமல்.

கோலைப் பற்றிக் கேட்டால், நெட்சர் அதை ஒழுங்காக அடிக்கவில்லை என்பார். ஐம்பது வருடமாக அவருக்கு அதுதான் ஆறுதல். முதலில் நான் இதைத் தோற்றவரின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, நெட்சரே அதைச் சொல்லியிருக்கிறார்: பந்து காலின் மேற்பக்கத்தில் சரியாகப் படவில்லை, வழுக்கிப் போய்விட்டது என்று. அடித்ததும் இடது காலால். அவருடைய கால் வலது கால். சரியாகப் பட்டிருந்தால் வெல்ஸ் எட்டியிருக்கக்கூடும். சரியாகப் படாததால் மேல் மூலையில் ஏறியது.

கேள்வி கேட்டவர் ‘பந்து வெளியே போயிருந்தால்’ என்று கேட்டார் அல்லவா? பந்து பிழையாகத்தான் போனது ஐயா. பிழையான இடத்துக்குத்தான் போகவில்லை.

ஜூன் 10, இரவு

கொலோன்காரர் சொன்ன ஒரு பகிடியை எழுத மறந்துவிட்டேன்: “நெட்சர் அடிக்கவில்லை, அவருடைய சப்பாத்து அடித்தது.” நெட்சரின் கால் அளவு 47. எங்கள் வீட்டுக் குழந்தையை அதில் குளிப்பாட்டலாம்.

ஜூன் 12

கொலோன் கழகத்துக்கு ஓர் ஆடு உண்டாமே என்று கேட்டவருக்கு: ஆம், உண்மைதான். கொலோன் கழகத்தின் சின்னம் ஒரு கிடாய். 1950இல் ஒரு சர்க்கஸ்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் ஹென்னெஸ். யாருடைய பெயர்? அப்போது கொலோனில் வீரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்த இதே ஹென்னெஸ் வைஸ்வைலரின் பெயர்தான். ஆடு மாறினாலும் பெயர் மாறுவதில்லை, ஹென்னெஸ் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது.

ஆக 1973இல் கிளாட்பாக் வாங்கில் இருந்தவரின் பெயரில்தான் எதிரணியின் ஆடு இருந்தது. அன்று அவர் பேச்சைக் கேட்கக்கூடிய பிராணி அது ஒன்றுதான் என்று கொலோன்காரர் சொல்வார்.

ஜூன் 15

இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். ‘ஒழுங்கீனம் இல்லை’ என்று முதல் நாளே பதில் சொன்னதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

1992 கோடை. இந்த மாநிலத்துத் தமிழ்க் கழகங்கள் கூடி ஒரு நாள் சுற்றுப்போட்டி. எங்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஊரில் பாடசாலை அணிக்கு ஆடிய ஓர் அண்ணை. நான் இரவு வேலை காரணமாக மூன்று பயிற்சிக்குப் போகவில்லை. என்னை வாங்கில் இருத்திவிட்டார். வாங்கு என்றால் உண்மையில் குளிர்பானப் பெட்டி, கவிழ்த்து வைத்தது. முதல் இரண்டு ஆட்டமும் அதில்தான் இருந்தேன். வெயில் ஏற ஏற எனக்குள் ஒரு நெட்சர் வளர்ந்துகொண்டிருந்தார்.

அரையிறுதியில் எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரருக்குக் காலில் சதை பிடித்துக்கொண்டது. கையை உயர்த்தினார். அண்ணை மறுபக்கம் நடுவரோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். நான் மேற்சட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அண்ணை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு நிமிடம். மூலையில் இருந்து பந்து வந்தது, நான் எழும்பித் தலையால் அடித்தேன், மிக அழகாக, எங்கள் கோலுக்குள்ளேயே. 0-1. அதோடு ஊருக்குத் திரும்பினோம்.

திரும்பும் வான் வண்டியில் அண்ணை ஒரு சொல் பேசவில்லை. வழியில் எரிபொருள் நிரப்ப நின்ற இடத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கினார். எனக்கு நீட்டும்போது, “சீனி போதுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

பந்து வெளியே போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டவருக்கு இதுதான் பதில். ஒன்றும் சொல்லமாட்டார்கள், சீனி போதுமா என்று கேட்பார்கள்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் 3-0 முன்னால் நின்றபோது, கடைசிப் பத்து நிமிடம் இறங்கு தம்பி என்று அண்ணை சொன்னார். நான் கால் நோகிறது என்றேன். கால் நோகவில்லை. வென்று முடிந்த ஆட்டத்தில் பத்து நிமிடப் பிச்சை எனக்கு வேண்டாம் என்ற வீம்பு.

இதனால் 5ஆம் திகதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இடைவேளையில் மறுத்ததுதான் உண்மையான ஒழுங்கீனம் என்று எழுதினேன். என்னுடைய மறுப்பை வைத்து அவருடையதை அளந்துவிட்டேன். எனக்கு வீம்பு. அவர் சொன்ன காரணத்தை ஒருமுறை அப்படியே எடுத்துக்கொண்டு பாருங்கள்: 1-1, அணி நன்றாக ஆடுகிறது, தன் உடல் தயாரில்லை, அரங்கு முழுவதும் தன் பெயரைக் கத்துகிறது. அந்த நேரத்தில் தற்பெருமைக்காரன் இறங்குவான். இவர் இறங்கவில்லை. 45 நிமிடம் வெயிலில் ஓடக்கூடிய கால் தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் களைத்த பிறகு, அரை மணி நேரத்துக்கு, ஒரு பந்துக்குப் போதும்.

இது என் ஊகம். வீம்பும் கொஞ்சம் கலந்திருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரே மனதில் இரண்டும் இருக்க இடம் உண்டு.

ஜூன் 19

கூலிக்கைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் இல்லை.

20 வயது. கிண்ண இறுதி. மேலதிக நேரம் வரப்போகிறது. நாட்டின் மிகப் பெரிய ஆட்டக்காரர் வந்து முடியுமா என்று கேட்கிறார். அந்த வயதில் நாம் எல்லோரும் ‘முடியும்’ என்றுதான் சொல்வோம், கால் கழன்று விழுந்தாலும். அவர் முடியாது என்று உண்மையைச் சொன்னார். அவர் பொய் சொல்லியிருந்தால் நெட்சர் அங்கேயே திரும்பியிருக்கக்கூடும், எழுதுவதற்கு நமக்கு ஒன்றும் இருந்திருக்காது. அந்த நாளில் பயிற்றுவிப்பாளர், நாயகன், எதிரணி, அரங்கு எல்லோரும் ஒரு பிடிவாதத்தோடு நின்றார்கள். பிடிவாதம் இல்லாத ஒரே ஆள் கூலிக்.

அவருக்கு நட்டமும் இல்லை. 1981 வரை கிளாட்பாக்கிலேயே ஆடினார். 1975, 1976, 1977 மூன்று வருடமும் தொடர்ந்து சாம்பியன், 1975இலும் 1979இலும் யூஏபா கிண்ணம். நெட்சர் கிளாட்பாக்கில் வென்றதைவிட அதிகம். ஆனால் பெயரைச் சொன்னால், ‘ஆ, நெட்சருக்காக வெளியே போனவர்’ என்பார்கள்.

ஜூன் 20

‘எங்கள் பையன்களுக்கு நெட்சரை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, கூலிக்கைக் காட்டுங்கள். ஆனால் சிறுவர்களிடம், ‘முடியாது என்று சொல்லப் பழகு’ என்று சொல்லிப் பாருங்கள், பெற்றோர் அடிக்க வருவார்கள்.

ஜூன் 23

இன்று அந்தத் திகதி. வேலை இல்லை, நீளமாக எழுதலாம்.

வைஸ்வைலருக்குப் பரிந்து பேச ஆள் இல்லையா என்று கேட்டீர்கள். எனக்கு அந்த மனிதர்மேல் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் ஒரே சம்பவம் மூன்று தடவை நடக்கிறது. 1973இல் நெட்சர். 1975இல் பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே நட்சத்திர வீரர் யொஹான் குரைப்போடு முட்டிக்கொண்டார், ஒரு பருவம்கூட முடிக்காமல் திரும்பினார். 1976இல் கொலோனுக்கு வந்தார், தன் பெயர் கொண்ட ஆட்டிடம். அங்கே வொல்ப்காங் ஓவராத். கொலோனின் அரசர், 1973 இறுதியிலும் கொலோன் பக்கம் நின்றவர். வைஸ்வைலரோடு ஒத்துப்போகாமல் 1977இல் ஓவராத் ஆட்டத்தையே விட்டுவிட்டார். அடுத்த வருடம் கொலோன் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. அரசரை இறக்கிவிட்டு நாட்டை நன்றாக ஆண்டார் என்றும் சொல்லலாம். அரசர் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம்.

நெட்சரின் பக்கம் இதைவிடப் பகிடி. 1978இல் அவர் ஹம்பேர்க் கழகத்தின் மேலாளர் ஆனார். பயிற்றுவிப்பாளரைத் தேர்ந்தெடுப்பது இப்போது அவருடைய வேலை. யாரைக் கொண்டுவந்தார்? முதலில் பிராங்கோ செபெச், வீரர்களைப் பட்டாளம்போல ஓடவிட்டவர். பிறகு ஏர்ன்ஸ்ட் ஹப்பெல், ஒரு வாக்கியத்தில் நான்கு சொல்லுக்குமேல் பேசாதவர், மறுசொல் கேட்காதவர். ஹப்பெலின் வாங்கில் இருந்து ஒருவர் தானாக எழும்பிப் போவதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. 1979, 1982, 1983 மூன்று தடவை சாம்பியன், 1983இல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கிண்ணம். வேலி பாய்ந்தவனுக்குத்தான் வேலி எங்கே பலவீனம் என்று தெரியும்.

இந்தப் பக்கத்தில் ஓவராத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தேசிய அணியில் நெட்சரும் அவரும் ஒரே இடத்துக்குப் போட்டியாளர்கள். 1972இல் நெட்சர்: வெம்பிளியில் இங்கிலாந்தை 3-1 என்று வென்ற ஆட்டத்தை நடத்தியவர், பிறகு ஐரோப்பிய சாம்பியன். 1974 உலகக் கிண்ணத்தில் ஓவராத். நெட்சருக்குக் கிடைத்தது கிழக்கு ஜேர்மனிக்கு எதிராக ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 20 நிமிடம், அதுவும் ஓவராத்துக்குப் பதிலாக, அதுவும் 0-1 என்று தோற்ற ஆட்டம். இந்த முறை அனுப்பினார்கள், முறைப்படி இறங்கினார், ஒன்றும் நடக்கவில்லை. இதில் இருந்து பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் எடுக்கவில்லை.

ஜூன் 23, மாலை

தொலைக்காட்சி நேயர்கள் தேர்ந்தெடுத்த அந்த வருடத்தின் சிறந்த கோல் இதுவா என்று கேட்டவருக்கு: ஆம், 1973 ஜூன் மாதத்தின் கோல், பிறகு அந்த வருடத்தின் கோல். கொலோன்காரரிடம் சொன்னேன். “வழுக்கிய பந்துக்கா?” என்றார்.

ஜூன் 27

அந்த விளையாட்டரங்கைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க முடியாது. 2002இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கூரை மூடித் திறக்கும் புதிய அரங்கு நிற்கிறது. கிண்ண இறுதியும் 1985இல் இருந்து ஒவ்வொரு வருடமும் பெர்லினில்தான். முன்பு ஊர் ஊராகப் போகும், அதனால்தான் இந்த இரண்டு பக்கத்து ஊர்களும் மூன்றாவது பக்கத்து ஊரில் மோத வாய்த்தது.

பழைய அரங்குக்கு நெட்சர் திரும்பி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1976 மார்ச், ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி, கிளாட்பாக்கும் ரியல் மாட்ரிட்டும். கிளாட்பாக் தன் பக்க ஆட்டத்தை டுசல்டோர்பில் வைத்தது. நெட்சர் வெள்ளைச் சட்டையில். 2-2. மாட்ரிட்டில் 1-1, அங்கே கிளாட்பாக் அடித்த இரண்டு கோல்களை நடுவர் ஏற்கவில்லை, அந்தக் கதையைத் தொட்டால் எந்தக் கிளாட்பாக்காரரும் இரவு தூங்கமாட்டார். மொத்தக் கோல்கள் சமன் என்பதால், வெளியூரில் அதிக கோல் அடித்த கணக்கில் ரியல் மேலே போனது.

ஜூலை 2

கொலோன்காரர் ஓய்வு பெற்று நான்கு வருடம். நேற்றுத் தொலைபேசியில் எடுத்து, இப்படி ஒரு விவாதம் நடக்கிறது, ஒழுங்கீனமா இல்லையா என்று கேட்கிறார்கள், நீங்கள் அங்கே நின்றவர், சொல்லுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, நெட்சர் மேற்சட்டையைக் கழற்றியபோது பக்கத்தில் நின்ற அண்ணன், “இனி வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்னதாகச் சொன்னார். நம்பவில்லை, நின்றார்களாம். அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். இதை எனக்கு அவர் இருபது வருடத்தில் சொன்னதில்லை.

பிறகு வெல்ஸ் பிடித்த பெனால்டிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம்.

ஜூலை 3

முதல் கேள்வியைக் கேட்டவர், ‘நான் இன்னும் ஒழுங்கீனம் என்றுதான் சொல்வேன்’ என்று எழுதியிருக்கிறார். சொல்லுங்கள் ஐயா. என் அண்ணையும் உங்கள் கட்சிதான். போன கிழமை ஒரு திருமணத்தில் கண்டேன். பந்தியில் தேநீர் கொண்டுவந்தார்கள், என் கோப்பையைப் பார்த்துவிட்டு அவரே சீனியை எடுத்து இந்தப் பக்கம் தள்ளினார்.